தானாக மூடிய கதவு

மேஸ்திரி சுண்டுவிரலால் வண்டியின் குளியலறைக் கதவைத் தள்ளினார். மேலே இருந்த அலுமினியச் சட்டத்தில் ரோலர்கள் சத்தமில்லாமல் உருள, கதவு பாதி வழி போனது. விரலை எடுத்தார். கதவு அங்கேயே நின்றது. இன்னும் ஒரு சாண் தள்ளி மறுபடியும் விரலை எடுத்தார். அங்கேயும் நின்றது.

“பாத்தியா?” என்றார்.

“பாத்தேன்,” என்றாள் அக்கா.

“தானா மூடுதா?”

“இப்ப மூடல.”

“எப்பவுமே மூடாது. நான் மாட்டின கதவு. தள்ளினாப் போகும், விட்டா நிக்கும். இந்தக் குடும்பத்துல சொன்ன பேச்சு கேக்கறது இது ஒண்ணுதான்.”

மூன்று நாட்களில் அவர் இதைச் செய்துகாட்டுவது எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ. மனைவிக்கு, மகனுக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு, செங்கல் இறக்க வந்த லாரிக்காரருக்குக்கூடக் காட்டியாயிற்று. ஒவ்வொருவரையும் செருப்பைக் கழற்றச் சொல்லி வண்டிக்குள் ஏற்றினார். ஏறியவர்கள் முதலில் கதவைப் பார்த்தார்கள். பிறகு அக்காவைப் பார்த்தார்கள். அந்த இரண்டாவது பார்வைதான் அவளுக்கு ஆகவில்லை.

அக்காவுக்கு அறுபத்தொரு வயது. முப்பது வருடம் நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். தங்கை ஐந்து வயது இளையவள். பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். மேஸ்திரி இருவருக்கும் அண்ணன், வீடு கட்டும் வேலையை எடுத்துச் செய்பவர். அக்காவின் கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. தங்கை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இருவரும் சேர்ந்து, இருவர் பெயரிலும், போன மாதம் ஒரு பழைய வீட்டு வண்டியை வாங்கினார்கள். நீளமான வேன், உள்ளே படுக்கை, அடுப்பு, மேசை, கழிவறை, ஒரு ஆள் நின்று குளிக்கிற அளவுக்கு ஒரு குளியலறை. தோன்றிய இடத்துக்குப் போவது, தோன்றும் வரை இருப்பது என்பது திட்டம். “கண்டக்டரும் டிரைவரும் ரெடி, ஏர்றவங்கதான் பாக்கி” என்று குடும்பத்தில் எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. வயதான பெண்கள் இரண்டு பேர் சக்கரத்தின் மேல் குடித்தனம் நடத்துவதில் அவருக்குச் சம்மதமில்லை. ஆனாலும் தங்கைகள் ஆயிற்றே என்று, வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்த இடம் கொடுத்தார்.

வண்டி வந்த அன்றே உள்ளே ஏறித் தட்டிப் பார்த்தவர், குளியலறையின் இழுவைக் கதவில் ஒரு குறை கண்டுபிடித்தார். பாதி மூடி விட்டால் அது மெல்ல உருண்டு திறந்துகொண்டது. “சட்டத்தையே கோணலா மாட்டியிருக்கான். வண்டி கட்டறவனுக்கு வீட்டைப் பத்தி என்ன தெரியும்?” என்று சொல்லித் தன் ரசமட்டத்தைக் கொண்டுவந்து சட்டத்தின் மேல் வைத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. அரை நாளில் சட்டத்தைக் கழற்றி, புதுத் துளை போட்டு, ஒரு முனையை ஒரு விரல்கடை உயர்த்தி, குமிழி நட்டநடுவில் வந்து நிற்கும்படி மாட்டினார். பழைய துளைகளைப் பசை வைத்து அடைத்தார். முப்பத்தைந்து வருடமாக அவர் எழுப்பிய சுவர்களெல்லாம் அந்த ரசமட்டம் சொன்னபடி எழுந்தவை. அதன் மஞ்சள் உடம்பில் அவர் கைபட்ட இடம் மட்டும் வெளுத்துப் போயிருந்தது.

முதல் பயணத்தின் மூன்றாம் நாள் காலையில் அது நடந்தது. ஏரிக் கரையில், வீட்டு வண்டிகள் நிற்பதற்கென்றே சமமாகச் சிமெண்டு பாவிய ஓர் இடம். அதுவரை அங்கிருந்த பொதுக் குளியலறையில் குளித்தவர்கள், அன்றைக்குத்தான் நம் வண்டியிலேயே குளிப்போமே என்று நினைத்தார்கள். கழிவுநீர்த் தொட்டியை எங்கே காலி செய்வது என்று விசாரிக்கத் தங்கை அலுவலக அறைக்குப் போயிருந்தாள். அக்கா கதவைத் திறந்து உள்ளே போய், துண்டை மாட்டத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் எதுவோ உருளும் சத்தம். அப்புறம் ‘டக்’.

வண்டி ஓடும்போது கதவு ஆடாமலிருக்க வெளிப்பக்கம் ஒரு ஸ்பிரிங் கொக்கி உண்டு. மெதுவாக மூடினால் கதவு காந்தப் பட்டையில் ஒட்டி நிற்கும். உள்ளேயிருந்து இழுத்தாலும் வரும். வேகமாக வந்து மோதினால் கொக்கி விழுந்துவிடும். விழுந்த கொக்கியை வெளியேயிருந்துதான் தூக்க முடியும்.

போன் வெளியே அடுப்பு மேடையில் இருந்தது. குளியலறைக்கு ஜன்னல் கிடையாது; கூரையில் கைக்கு எட்டாத ஒரு காற்றுத் திறப்பு மட்டும். பத்து நிமிடம் தட்டினாள். பக்கத்து வண்டிக்காரர் ஜெனரேட்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். சரி, மாட்டியது மாட்டியாயிற்று, வந்த வேலையையாவது பார்ப்போம் என்று குளித்தாள். துடைத்து, உடுத்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, தான் கடைசியாக வேலை பார்த்த தடத்தின் நாற்பத்து மூன்று நிறுத்தங்களையும் போகிற வரிசையிலும் வருகிற வரிசையிலும் சொல்லிப் பார்த்தாள். ஐம்பது நிமிடம் கழித்துத் தங்கை வந்து ஒற்றை விரலால் கொக்கியைத் தூக்கினாள்.

“நான் மூடல,” என்றுதான் அக்கா முதலில் சொன்னாள். “அதுவா மூடிக்கிச்சு.”

பதறிப் போன தங்கை அண்ணனுக்குப் போன் செய்துவிட்டாள். உடனே திரும்பி வரச் சொன்னார் அவர். கதவைத் துண்டால் இழுத்துக் கட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தி, துண்டை அவிழ்த்தால், கதவு வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. அன்றிலிருந்து நின்றுகொண்டேதான் இருக்கிறது.

மேஸ்திரி சுண்டுவிரலால் தள்ளிக் காட்டிய அன்று மாலை சாப்பாட்டு மேசையில் விஷயம் முடிவுக்கு வந்தது.

“கதவு தானா மூடுமா? பேய்ப் படத்துலதான் மூடும்,” என்றார் மேஸ்திரி.

“அத்தை, யாரும் உங்களைக் குறை சொல்லல,” என்றான் அவர் மகன். வங்கியில் வேலை பார்ப்பவன்; எல்லோரிடமும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்து பேசுவது போலவே பேசுவான். “வேகமாத் தள்ளியிருப்பீங்க, மறந்திருப்பீங்க. இந்த வயசுல சகஜம். ஆரம்பத்துலயே பாத்துட்டா மாத்திரை இருக்கு.”

“எதோட ஆரம்பத்துல?”

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டான்.

“வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மூளை டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன்,” என்றார் மேஸ்திரி. “சும்மா ஒரு தரம் பாத்துட்டு வந்துடலாம்.”

“நாப்பத்து மூணு ஸ்டாப்பும் வரிசையாச் சொல்லட்டுமா? நீ உன் வாசல்லேர்ந்து கடைத்தெரு வரைக்கும் உள்ளதைச் சொல்லு, பாப்போம்.”

“பழசெல்லாம் ஞாபகம் இருக்கும், கண்டக்டர். புதுசுதான் போகும். அந்த நோயே அப்படித்தானாம்.”

“அப்ப ஞாபகம் இருந்தாலும் நோய், இல்லைன்னாலும் நோய்.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்,” என்று மேஸ்திரி சோற்றைப் பிசைந்தார். “சரி, விடு. நாளைக்குப் பத்து மணிக்குப் பல் டாக்டர் வரார், வண்டியை விலைக்குப் பாக்க. நல்ல மனுஷன். ரெண்டு பேரும் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு டம்ளர் தண்ணீரை அவ்வளவு நேரம் குடிக்க வேண்டியதில்லை.

“இன்னும் கொஞ்சம் போட்டுக்கறீங்களா?” என்று அண்ணி கேட்டாள், யாரிடம் என்றில்லாமல்.

சாப்பிட்ட கையோடு அக்கா தனியாக வண்டியில் ஏறினாள். கதவைப் பதினோரு இடங்களில் நிறுத்தி, ஒவ்வொரு இடத்திலும் அறுபது வரை எண்ணினாள். கதவு அசையவில்லை. கையால் வண்டியின் சுவரைக் குத்திப் பார்த்தாள். அப்போதும் அசையவில்லை. அந்தப் பதினோராவது அறுபதில்தான், மூன்று நாளாக வாசலில் நிறுத்தி வைத்திருந்த நினைப்பு முதல்முறையாக உள்ளே வந்தது. நான்தான் தள்ளினேனோ?

வண்டி போவதுகூடப் பெரிதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. நாளைக்கு அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால், கதவைத் தானே மூடிவிட்டு மறந்துபோனவள் என்பதற்கும் சேர்த்துத்தான் போடுகிறாள். அதற்குப் பிறகு அடுப்பை அணைத்துவிட்டேன் என்று சொன்னால், ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பூட்டினேன் என்றால் பூட்டை இழுத்துப் பார்ப்பார்கள். மாத்திரை போட்டுவிட்டேன் என்றால் அட்டையை எண்ணுவார்கள். சாகும் வரை அவள் சொல்வது எதுவும் இன்னொரு ஆள் சரிபார்க்காமல் செல்லாது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டிக்குள் வாளி சத்தம் கேட்டது. தங்கை தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“வர்றவருக்குச் சுத்தமாக் காட்டணும்ல.”

“விக்கிறதுன்னே முடிவு பண்ணிட்டியா?”

“நான் எங்க முடிவு பண்ணேன்? நீ என்ன சொல்றியோ அதான்.”

“நான்தான் சொன்னேனே, கதவு தானா மூடுச்சுன்னு. நம்பினியா?”

தங்கை துணியைப் பிழிந்தாள். “நான் பாக்கல அக்கா. நான் வரும்போது மூடியிருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

“நீ டிரைவர். பின்னாடி நடக்கிறது உனக்கு என்னைக்குத் தெரிஞ்சிருக்கு? கண்டக்டர் சொன்னா நம்பித்தான் வண்டியை எடுக்கணும்.”

தங்கை துணியை மறுபடியும் வாளியில் முக்கினாள். காது மட்டும் சிவந்தது. அக்கா அவள் கையிலிருந்து வாளியைப் பிடுங்கிக் குளியலறைக்குள் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள்.

வடிகால் பின்மூலையில் இருந்தது. தண்ணீர் அங்கே போகவில்லை. முன்மூலையில் போய்க் குட்டையாக நின்றது. துடைப்பத்தால் வடிகால் பக்கம் தள்ளினாள். வழியிலேயே மனம் மாறியது போல முன்மூலைக்குத் திரும்பி வந்தது. இன்னொரு தடவை தள்ளினாள். திரும்பி வந்தது.

ஏரிக் கரையில் இதே தரையில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். குளித்து முடித்துத் தலை துவட்டுவதற்குள் ஒரு சொட்டு இல்லாமல் வடிந்து, சேலை நனையாமல் உட்கார முடிந்தது. அது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். முற்றத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள். வீட்டுப் படியிலிருந்து வாசல் கேட்டை நோக்கி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அது இறங்கிக்கொண்டே போனது. வண்டியின் மூக்கு கேட்டைப் பார்த்து நின்றது. ‘என் தளத்துல ஒரு சொட்டு மழைத்தண்ணி நிக்காது, வாட்டம் அப்படிக் குடுத்திருக்கேன்’ என்று வீடு கட்டக் கேட்டு வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் காட்டுகிற முற்றம்.

சாமான் அறையில் ஆணியில் தொங்கிய ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு ஏறினாள். அடுப்பு மேடையில் வைத்தாள். குமிழி வண்டியின் பின்பக்கம் ஓடியது. மேசையில் வைத்தாள். பின்பக்கம். கட்டில் சட்டத்தில், தரையில், ஜன்னல் விளிம்பில். எல்லா இடத்திலும் பின்பக்கம். கடைசியாகக் கையை உயர்த்தி, குளியலறைக் கதவின் மேல்சட்டத்தில் வைத்தாள். குமிழி நட்டநடுவில் வந்து உட்கார்ந்தது.

“இங்க வா,” என்று தங்கையைக் கூப்பிட்டாள். “வண்டி முழுக்க முன்பக்கம் சாய்ஞ்சு நிக்குது. இது ஒண்ணு மட்டும் நேரா இருக்கு.”

தங்கை பார்த்தாள். குமிழியைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள், வெளியே கேட்டைப் பார்த்தாள். “அப்ப வண்டி நேரா நின்னா…”

“இது ஒண்ணு மட்டும் சாயும். மூடற பக்கமா.”

தங்கை துணியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அக்கா, நான்…”

“அதை அப்புறம் சொல்லு.”

“அண்ணன்கிட்ட இப்பவே போய்ச் சொல்லிடலாம்.”

“சொன்னா என்ன சொல்லுவான்? உனக்கு ரசமட்டத்தை வைக்கத் தெரியலம்பான். டிக்கெட் எடுக்காதவன்கிட்ட வாதாடக் கூடாது, தெரியுமா? வாய் வலிக்கும், அவன் ஸ்டாப் வந்துடும். செக்கர் ஏறும்போது பேசிக்கணும்.”

அந்தச் செக்கர், பல் டாக்டர், பத்து மணிக்குச் சரியாக வந்தார். ஒல்லியான, சுத்தமான மனிதர். எதைப் பார்த்தாலும் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுத்தார். சட்டைப் பையிலிருந்து பேனா அளவு விளக்கை எடுத்து, அலமாரிகளைத் திறந்து, மூலை மூலையாக அடித்துப் பார்த்தார். மேஸ்திரி சுண்டுவிரலை நீட்டிக் கதவைத் தள்ளிக் காட்டினார்.

“அருமை,” என்றார் பல் டாக்டர்.

“டாக்டர், நின்ன வண்டியைப் பாத்து யாராவது வாங்குவாங்களா?” என்று அக்கா கேட்டாள். “ஓட்டிப் பாக்க வேண்டாமா?”

“அதானே,” என்றார் பல் டாக்டர், தனக்கே அது தோன்றாமல் போனதில் கொஞ்சம் வெட்கத்தோடு.

“நீயும் ஏறு அண்ணா.”

“நான் எதுக்கு?”

“கதவைப் பத்தி ஏதாவது கேட்டா யார் பதில் சொல்றது?”

மேஸ்திரி ஏறினார். அக்கா கதவைக் கொக்கியில் மாட்டிவிட்டு, ரசமட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “ரைட்,” என்றாள். தங்கை வண்டியை எடுத்தாள்.

தெரு முடிந்து, பெட்ரோல் பங்க் தாண்டி, லாரிகளை எடை போடும் மேடையின் முன்னால் வண்டி திரும்பியது. இடம் மேஸ்திரிக்கு நன்றாகத் தெரியும். அவருடைய மணல் லாரிகள் எல்லாம் ஏறி இறங்குகிற மேடைதான். தங்கை அலுங்காமல் அதன் மேல் ஏற்றி நிறுத்தினாள். ஜன்னல் அறையிலிருந்து எடை மேடைக்காரர் தலையை நீட்டினார். “அஞ்சே நிமிஷம் அண்ணே,” என்று அவள் கும்பிட்டாள்.

“இங்க எதுக்கு நிறுத்தற?” என்றார் மேஸ்திரி.

அக்கா ரசமட்டத்தை அடுப்பு மேடையில் வைத்தாள். “நீயே பாத்துச் சொல்லு. என்ன சொல்லுது?”

“நடுவுல இருக்கு.”

“மேசையில?”

“நடுவுலதான். எடை மேடை மட்டமாத்தான் இருக்கும், இதுல என்ன அதிசயம்?”

“அவ்வளவுதான் எனக்கு வேணும்.” கொக்கியைத் தூக்கி, கதவை முழுக்கத் திறந்தாள். “கையை எடுக்கப் போறேன். யாரும் மூச்சு விடாதீங்க. அப்புறம் காத்துல மூடுச்சும்பீங்க.”

கையை எடுத்தாள். கதவு ஒரு கணம் யோசித்தது போல இருந்தது. பிறகு நகர்ந்தது. பாதி வழியில் வேகம் பிடித்தது. ‘டக்’.

பல் டாக்டர் மூடிய கதவை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார்.

“தானாவே மூடிக்கிச்சு,” என்றார் பல் டாக்டர்.

“இன்னொரு தரம் சொல்லுங்க டாக்டர். அண்ணனுக்குக் கேக்கல.”

மேஸ்திரி எழுந்து வந்தார். அவரே கொக்கியைத் தூக்கினார், அவரே திறந்தார், அவரே விட்டார். டக். மறுபடியும். டக். மூன்றாவது தடவை விடாமல் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ரசமட்டத்தை மேல்சட்டத்தில் வைத்தார். குமிழி ஒரே ஓரமாகப் போய் ஒட்டிக்கொண்டது. அவர் கழுத்தைச் சாய்த்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரசமட்டம் சரியாத்தான் இருக்கு,” என்றார் கடைசியில்.

“அது சரிதான். உன் முற்றம்தான் சாய்ஞ்சிருக்கு. மழைத்தண்ணி நிக்கக் கூடாதுன்னு நீ சாய்ச்சுப் போட்ட முற்றம். கூடம் கோணல்தான் அண்ணா.”

“அப்ப முதல்ல கதவு திறந்துக்கிட்டது…”

“முற்றத்துல நின்னா அப்படித்தான் திறக்கும். அதுல ஒரு குறையும் இல்ல. வண்டிக்கு நேரா இருந்த கதவை நீ பூமிக்கு நேரா மாட்டின. நாங்க போற இடத்துக்கெல்லாம் உன் முற்றம் கூடவே வருமா?”

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. தங்கை வண்டியை மேடையிலிருந்து இறக்கி, பக்கத்தில் இருந்த சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்திவிட்டு, கருவிப் பெட்டியோடு பின்னால் வந்தாள்.

“சரி, விடு,” என்றார் மேஸ்திரி. “வீட்டுக்குப் போய் நானே மாத்தித் தரேன்.”

“வேண்டாம். அந்த முற்றத்துல நீ மாத்தினா மறுபடியும் அதேதான். இங்கயே மாத்தறோம். நீ பிடி, போதும்.”

பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். “கதவு சரியாயிடும்னா நான் எடுத்துக்கறேன். எனக்கு வண்டி பிடிச்சுப் போச்சு.”

அக்கா வாயைத் திறப்பதற்குள் தங்கை சொன்னாள். “விக்கல டாக்டர். விக்கிறதா இல்ல. உங்களை வீணா வரவழைச்சுட்டோம்.”

“டிரைவரே சொல்லிட்டா,” என்றாள் அக்கா. “எனக்கு மேல என்ன இருக்கு சொல்ல?”

பல் டாக்டருக்கு வருத்தம்தான். ஆனால் இறங்கிப் போகவில்லை. பிரித்து மேயப்படுகிற எதையும் விட்டுப் போக அவருக்கு மனம் வராது போலிருக்கிறது. தங்கை கதவைத் தூக்கிச் சாய்த்து வைத்துவிட்டுச் சட்டத்தைக் கழற்றியதும், பேனா விளக்கை அடித்துப் பழைய துளைகளைத் தேடிக் கொடுத்தார்.

“இதோ இருக்கு. அடைச்சிருக்காங்க.” நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “ரொம்ப நல்லா அடைச்சிருக்கார். நம்ம பையன்களே பல்லை இவ்வளவு சுத்தமா அடைக்க மாட்டாங்க.”

மேஸ்திரி அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ளவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் நின்றார்.

தங்கை பசையைக் குடைந்து எடுத்தாள். அக்கா ரசமட்டத்தைத் தொடவில்லை. அளவு நாடாவை எடுத்து, வண்டியின் தரையிலிருந்து மேலே ஒரு முனைவரை அளந்தாள், மறுமுனைவரை அளந்தாள். இரண்டும் ஒன்றாக இருந்த இடத்தில் பழைய துளைகளும் இருந்தன. சட்டம் பழைய இடத்துக்குத் திரும்பியது. ஒவ்வொரு ஸ்க்ரூவும், வண்டி குலுங்கினால் கழன்று வராமலிருக்க, மரையில் ஒரு சொட்டுப் பசையோடு உள்ளே போனது. கொக்கியில் ஒரு துளை போட்டு, உள்ளேயிருந்து இழுத்தாலும் தூக்கிக்கொள்ளும்படி ஒரு மெல்லிய கயிற்றைக் கோத்தார்கள். இனிக் கதவை மாட்டி நேராக்க வேண்டியதுதான்.

அங்கேதான் ஆள்பலம் தேவைப்பட்டது. கதவின் தலையில் இரண்டு ரோலர்கள். ஒவ்வொன்றுக்கும் ஏற்றி இறக்க ஒரு திருகு. சட்டத்தைச் சாய்த்து மாட்டியபின் கதவை நேராக நிற்கவைக்க, மேஸ்திரி ஒரு திருகை முழுக்க ஏற்றியும் மற்றதை முழுக்க இறக்கியும் வைத்திருந்தார். இப்போது இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பாரம் ரோலரில் இருக்கும்போது திருகு திரும்பாது. யாராவது கதவை அடியில் கைகொடுத்துத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். மேஸ்திரி குனிந்து, கதவைக் கட்டிப்பிடித்தாற்போல், இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டார்.

“அப்படியே இரு,” என்றாள் அக்கா. “எத்தனை பேர்கிட்ட சொன்ன?”

“என்னத்தை?”

“எனக்கு மறதி வந்துடுச்சுன்னு.”

“யார்கிட்ட… ஒண்ணு ரெண்டு பேர்கிட்ட.”

“எண்ணு. இல்லைன்னா உனக்கும் வியாழக்கிழமை நேரம் வாங்கணும்.”

மேஸ்திரி கதவுக்குக் கன்னம் கொடுத்தபடி எண்ணினார். “உன் அண்ணி, பையன். சித்தப்பா. பக்கத்து வீடு. மாமா. லாரிக்காரன். கிளினிக்.”

“ஏழு. போன் எங்க?”

“சட்டைப் பைல. எதுக்கு?”

அவர் பையிலிருந்து அவளே போனை எடுத்தாள். ஸ்பீக்கரைப் போட்டு, அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள். முதலில் அண்ணி எடுத்தாள்.

“அந்தக் கதவு விஷயம்,” என்றார் மேஸ்திரி. “அதுல ஒரு சின்னத் தப்பு இருந்துச்சு.”

“யார் தப்பு?” என்று அக்கா கேட்டாள்.

“என்… நான் மாட்டினதுல. கதவு தானாத்தான் மூடுது. நானே பாத்தேன்.”

அந்தப் பக்கம் தாளிக்கிற சத்தம் கேட்டது. “அவ பொய் சொல்ல மாட்டான்னு எனக்குத் தெரியும்,” என்றாள் அண்ணி. “என்னை யார் கேட்டா? சரி, சாப்பாட்டுக்கு எத்தனை பேர்?”

மகன், ‘அப்படியாப்பா, எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துட்டா நமக்கு நிம்மதி’ என்று ஆரம்பித்தான். “உன் நிம்மதிக்கு நீ எடுத்துக்க, தம்பி,” என்றாள் அக்கா. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார். மாமா, சரி சரி என்று எல்லாவற்றுக்கும் சொன்னார். லாரிக்காரருக்கு யார், எந்தக் கதவு என்றே நினைவில்லை. சித்தப்பா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். “நான் அப்பவே நினைச்சேன்டா,” என்றார். “நீ போட்ட எங்க வீட்டு மாடிப்படியும் ஒரு பக்கம் இறங்கித்தான் இருக்கு. சொன்னா வருத்தப்படுவியேன்னு பதினெட்டு வருஷமாச் சொல்லல.”

தங்கை ஒரு முக்காலியில் ஏறி நின்று திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் இறங்கி வந்து, நான்காக மடித்த ஒரு காகிதத்தைக் கதவுக்கும் நிலைக்கும் இடையில் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள். மேலே உரசாமல் போனது, கீழே பிடித்தது. மறுபடியும் ஏறினாள்.

மேஸ்திரியின் நெற்றி வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. துடைக்கக் கை இல்லை.

கடைசியாகக் கிளினிக். ஒரு பெண் எடுத்தாள்.

“வியாழக்கிழமை பதினோரு மணி, அதை ரத்து பண்ணணும்மா.”

“காரணம் என்னன்னு எழுதணும் சார்.”

மேஸ்திரி அக்காவைப் பார்த்தார். அக்கா போனை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனாள்.

“கதவு… தானாத்தான் மூடிக்கிச்சு,” என்றார் அவர். “அவ சொன்னது சரிதான். நான்தான் தப்பா நினைச்சுட்டேன்.”

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். “நேரம் வாங்கினது யாருக்கு சார்?”

“என் தங்கச்சிக்கு.”

“நீங்க?”

“அவ அண்ணன்.”

“சரிங்க சார்,” என்றது அந்தக் குரல், மிகவும் கனிவாக. “அந்த நேரத்தை உங்க பேருக்கு மாத்தி வச்சுக்கட்டுமா?”

பல் டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. மேலே தங்கை ஸ்க்ரூடிரைவரைப் பிடித்த கையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அக்கா போனை அணைத்து, அண்ணனின் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தாள்.

“கண்டக்டர், கை விட்டுப் போகுது,” என்றார் மேஸ்திரி. “இறக்கட்டுமா?”

அக்கா மடித்த காகிதத்தை வாங்கி, கதவின் கீழ்முனையில் நுழைத்துப் பார்த்தாள். இன்னும் லேசாகப் பிடித்தது.

“இன்னும் கால் சுத்து பாக்கி இருக்கு,” என்றாள். “பிடி.”